சங்கச் சந்தாவும் காப்பீடும்: நம் பகுதி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, மானூர், நாங்குநேரி என்று சங்கத்தின் கிளைக் கூட்டம் எங்கே நடந்தாலும், அகவிலைப்படிப் பேச்சு முடிந்ததும் யாராவது எழுந்து காப்பீட்டைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. தேநீர் ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல அது. அதனால் வட்டாரப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் எழுதியே வைக்கிறேன். அரசாணை மாறும்போது தொகைகளும் மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் சேர்ந்தால் காப்பீடு தானாகக் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. அரசுப் பள்ளியிலோ அரசு நிதியுதவி பெறும் பள்ளியிலோ அரசு ஊதியம் வாங்குபவருக்குப் பெரிய காப்பீடுகள் எல்லாம் சம்பளப் பட்டியல் வழியாகவே வருகின்றன. அவை சங்கத்தில் இருப்பவருக்கும் உண்டு, இல்லாதவருக்கும் உண்டு. "எங்களிடம் சேருங்கள், 5 லட்சம் காப்பீடு" என்று யாராவது உறுப்பினர் படிவத்தை நீட்டினால், அந்த 5 லட்சம் எந்தத் திட்டத்தில் வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கும் திட்டமாகத்தான் இருக்கும்.

சங்கத்தின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. காப்பீடு எல்லோருக்கும் உண்டு. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. எந்த மேசையில் எந்தத் தாள் நிற்கும், யாருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதெல்லாம் பத்துப் பேருக்கு அலைந்து பழகியவருக்குத் தெரியும். இதைத் தவிர, சில சங்கங்கள் தாமாகவே குழு விபத்துக் காப்பீடும் குடும்ப நல நிதியும் நடத்துகின்றன. அவற்றைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

என் சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கிறார்கள்?

அரசு ஊழியர் ஊதியத்துக்கான களஞ்சியம் செயலியில் இந்த மாதச் சம்பளச் சீட்டைத் திறந்து பிடித்தங்கள் பகுதிக்குப் போங்கள். பொதுவாக மூன்று வரிகள் இந்த விஷயத்தைச் சேர்ந்தவை.

முதலாவது, புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2021 ஜூலை 1-இல் தொடங்கிய திட்டத்தில் மாதம் 300 ரூபாய். அதே சீட்டில் ஊதியப் பகுதியைப் பார்த்தால் மருத்துவப்படி என்று 300 ரூபாய் இருக்கும். வலக்கையில் கொடுத்து இடக்கையில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டந்தோறும் சொல்வார்.

இரண்டாவது, குடும்பப் பாதுகாப்பு நிதி. மாதம் 110 ரூபாய். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம். முன்பு 60 ரூபாய் சந்தாவும் 3 லட்சம் உதவியுமாக இருந்ததை 2021-இல் வந்த அறிவிப்பு உயர்த்தியது. இறப்புக்குக் காரணம் விபத்தா நோயா என்று இதில் பார்ப்பதில்லை.

மூன்றாவது, சிறப்பு சேமநிதி மற்றும் பணிக்கொடை. சிறு தொகைதான், ஓய்வின்போது கைக்கு வரும்.

நிதியுதவிப் பள்ளியில் இருப்பவர்கள் இந்த வரிகள் ஒவ்வொன்றும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்தம் விடுபட்டிருந்தால் சம்பளம் 110 ரூபாய் கூடுதலாக வரும். யாரும் முறையிட மாட்டார்கள். ஒரு சாவு விழுந்த பிறகுதான் அந்த விடுபடல் தெரியவரும். ஊதியமில்லா விடுப்பில் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: சம்பளம் நின்றால் பிடித்தமும் நிற்கும். அந்த மாதங்களின் சந்தாவை எப்படிச் செலுத்துவது என்று விடுப்பு எடுப்பதற்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் 5 லட்சம் என்பது ஆண்டுக்கு ஆண்டு கிடைப்பதா?

இல்லை. 2021 திட்டத்தில் அது நான்கு ஆண்டுக் காலத்துக்கும் சேர்த்து, ஒரு குடும்பம் முழுவதற்கும். குறிப்பிட்ட சில கடும் நோய்களுக்கு மட்டும் 10 லட்சம் வரை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில்தான் ஆண்டுக்கு 5 லட்சம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, முதல் ஆண்டிலேயே இடுப்பு எலும்பு அறுவைக்குப் பாதியைச் செலவழித்துவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி முழு 5 லட்சமும் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

சில சிகிச்சைகளுக்குத் தனி உச்சவரம்பும் இருக்கிறது. கண்புரை அறுவைக்கு ஒரு கண்ணுக்கு 30,000 ரூபாய், கர்ப்பப்பை அகற்றலுக்கு 50,000 ரூபாய். அதற்கு மேல் ஆகும் செலவு நம் கையிலிருந்துதான். காய்ச்சலுக்குப் போய் ஊசி போட்டு வருவது போன்ற வெளிநோயாளிச் செலவு இதில் சேராது.

அப்பா, அம்மாவைச் சேர்க்க முடியுமா?

நீங்கள் திருமணமாகாதவர் என்றால் முடியும். திருமணமானவருக்குக் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவியும், வேலைக்குப் போகாத, திருமணமாகாத, 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் மட்டுமே. பெற்றோர் திருமணத்தன்று பட்டியலிலிருந்து இறங்கிவிடுகிறார்கள். சொல்லக் கசப்பாக இருக்கிறது, விதி அதுதான்.

பெற்றோருக்குத் தனியாக மூத்த குடிமக்கள் பாலிசி எடுக்கலாம். பிரீமியம் கடுமையாகத்தான் இருக்கும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றை ஒளிக்காமல் படிவத்தில் எழுதுங்கள். 2024 விதிகளின்படி, அவற்றுக்கான காத்திருப்பு 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு சிறு ஆறுதல்.

காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். பணம் திரும்பி வருமா?

அதிகம் பேர் கேட்பது இதுதான். களக்காட்டிலிருந்து பைக்கில் வருகிற ஆசிரியர் நான்குவழிச் சாலையில் அடிபட்டால், 108 வண்டி அருகில் இருக்கிற இடத்துக்குத்தான் கொண்டுபோகும். அந்த நேரத்தில் பட்டியலை யாரும் புரட்டுவதில்லை, புரட்டவும் வேண்டாம். உயிர் முக்கியம்.

ஆனால் சேர்த்த அன்றோ மறுநாளோ ஒருவர் இந்த வேலைகளைச் செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லி, புகார் எண் போன்ற ஒரு பதிவு எண்ணை வாங்குங்கள். தலைமை ஆசிரியருக்கோ வட்டாரக் கல்வி அலுவலருக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். நிலைமை சீரானதும், அவசர நிலையில் சேர்க்கப்பட்டார் என்று மருத்துவரிடம் எழுதி, முத்திரையோடு வாங்குங்கள். வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு மருந்துக்குமான அசல் பில், பணம் கட்டிய ரசீது, ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் வாங்கிய பிறகே கிளம்புங்கள். மொத்தத் தொகையை ஒரே வரியில் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அந்த ஒரு தாளோடு வந்து நிற்பவர்கள்தான் அதிகம்.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகும். மருத்துவத் துறை இணை இயக்குநர் அதில் இருப்பார். நெல்லையில் வேலை பார்த்துத் தென்காசியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்த பிறகு எந்தக் குழுவிடம் போவது என்பதில் குழப்பம் வருகிறது. சம்பளம் எந்த அலுவலகம் வழியாக வருகிறதோ அங்கே முதலில் கேளுங்கள்.

"மருத்துவமனை பட்டியலில் இல்லை" என்ற ஒரே வரியோடு விண்ணப்பம் திரும்பினால் அதோடு விட்டுவிடாதீர்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து அரசு ஊழியரின் மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்று சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைச் சுட்டி மறுபரிசீலனை கேளுங்கள். நகர மறுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. சங்கத்தின் வழக்கறிஞர் இங்கேதான் பயன்படுவார். கட்டிய முழுத் தொகையும் வந்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் விலை குறித்திருக்கிறது.

பட்டியலில் உள்ள மருத்துவமனையே கூடுதல் பணம் கேட்கிறதே?

எதற்கு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பார்கள் என்றால் அதிலேயே பாதி பதில் இருக்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். கொடுக்க வேண்டி வந்தால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு, பிறகு ஆட்சியர் குழுவுக்கும் கருவூலக் கணக்குத் துறைக்கும் புகார் எழுதலாம். ஒருவர் எழுதினால் கோப்பில் தூங்கும். ஒரே மருத்துவமனையைப் பற்றிப் பல உறுப்பினர்களின் ரசீதுகளைச் சேர்த்துச் சங்கம் கொண்டுபோனால் கேட்கிறார்கள்.

வங்கிக் கணக்கில் 1 கோடி காப்பீடு என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் விபத்துக்கு. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு 7 வங்கிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஊதியக் கணக்கு வைத்திருக்கும் அரசு ஊழியர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 1 கோடி ரூபாய். விபத்தில் இறந்தவரின் மகள்களுக்குத் திருமண உதவியும் உயர்கல்வி உதவியும் உண்டு. இயற்கை மரணத்துக்கு 10 லட்சம் ஆயுள் காப்பீடு. இதற்கென்று தனிப் பிரீமியம் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், இருபது ஆண்டுக்கு முன்பு திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே பலருக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது. கிளைக்குப் போய் அதை அரசு ஊதியக் கணக்காக மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நிதியுதவிப் பள்ளி ஆசிரியர்கள் தங்களுக்கும் இது பொருந்துமா என்று வாய்வார்த்தையில் கேட்டுவிட்டு வர வேண்டாம். கடிதம் கொடுத்துப் பதில் கடிதம் வாங்குங்கள்.

நாமினி பெயரை எப்போது மாற்ற வேண்டும்?

திருமணம் ஆன மாதத்திலேயே. விவாகரத்து, மறுமணம், நாமினியின் மரணம், இவை ஒவ்வொன்றுக்குப் பிறகும் கூட.

ஓர் ஆசிரியர் இறந்த பிறகு பணிப்பதிவேட்டைத் திறக்கிற காட்சி எனக்குப் பழகிப்போனது. ஓரம் மடங்கிய பழுப்புத் தாளில், வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் எழுதிய நாமினி படிவம் ஒட்டியிருக்கும். அதில் அம்மாவின் பெயர். அம்மா காலமாகிப் பல ஆண்டு ஆகியிருக்கும். மனைவி எதிரே உட்கார்ந்திருப்பார். வருங்கால வைப்பு நிதி, குடும்பப் பாதுகாப்பு நிதி, எல்.ஐ.சி. பாலிசி, வங்கிக் கணக்கு, ஆசிரியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கப் பங்கு என்று ஒவ்வொன்றுக்கும் நாமினி தனித்தனி. ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடத்தில் மாறாது. அதன் பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம், ஆட்சேபணை இல்லை என்று கொழுந்தனாரிடம் கையெழுத்து, அந்தக் கையெழுத்துக்கு ஒரு பஞ்சாயத்து.

கருணை அடிப்படையில் வேலை கேட்பதாக இருந்தால் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள் நம் பகுதியிலேயே இருக்கின்றன.

சங்கம் தனியாக ஏற்பாடு செய்யும் குழுக் காப்பீட்டில் சேரலாமா?

சேரலாம், கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, காப்பீடு வாங்குவதற்காகவே ஒரு குழுவை உருவாக்கக் கூடாது. ஆசிரியர் சங்கம் வேறு நோக்கத்துக்கு இருப்பது, ஆகவே தகுதி உண்டு. நேற்று முளைத்த "நலச் சங்கம்" உறுப்பினர் கட்டணத்தோடு பாலிசியைச் சேர்த்து விற்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயருக்குக் காப்பீட்டுச் சான்றிதழ் தருவார்களா? நிறுவனம் வாங்கும் பிரீமியத்துக்கு மேல் சங்கம் வாங்குகிறதா? சந்தா பாக்கி விழுந்தால் பாலிசி என்னவாகும்? இந்த மூன்றுக்கும் நேரடியான பதில் வேண்டும். விபத்துப் பாலிசி மாரடைப்புக்குப் பணம் தராது. இதைப் புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடுகிறது. ஓட்டுநர் உரிமம் காலாவதியான நிலையில் வண்டி ஓட்டி விபத்து நேர்ந்தாலும் நிறுவனம் கைவிரிக்கலாம். திசையன்விளைப் பக்கத்துப் பள்ளிக்குத் தினமும் ஸ்கூட்டரில் போகிற டீச்சர் முதலில் பார்க்க வேண்டியது உரிமத்தின் தேதியைத்தான்.

மருத்துவத்துக்கென்றால் என் யோசனை வேறு. அரசுத் திட்டம் இருப்பவர் மறுபடி 5 லட்சத்துக்கு அடிப்படை பாலிசி எடுப்பதைவிட, முதல் 5 லட்சத்தை விட்டு அதற்கு மேல் ஆகும் செலவுக்கு மட்டும் பொறுப்பேற்கும் சூப்பர் டாப்-அப் பாலிசி மலிவு. ஆயுள் காப்பீட்டுக்கு 1884 முதல் நடக்கும் அஞ்சல் ஆயுள் காப்பீட்டையும் விசாரியுங்கள். 50 லட்சம் வரை எடுக்கலாம். முகவர் வீடு தேடி வருவது குறைவு என்பதால் அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. நம் பள்ளிகளில் எல்.ஐ.சி. முகவர் பெரும்பாலும் சக ஆசிரியரின் வீட்டுக்காரர்தான். மறுக்க முடியாமல் எடுத்த பாலிசிகளைப் பற்றி எழுதினால் ஸ்டாஃப் ரூமில் எனக்கு நாற்காலி கிடைக்காது.

சங்கத்தின் குடும்ப நல நிதி என்பது காப்பீடுதானே?

இல்லை. ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுக் குடும்பத்திடம் கொடுப்பது. காரியம் முடிவதற்குள் பணம் வீட்டுக்குப் போய்ச் சேரும். அந்த வேகம் எந்த நிறுவனத்துக்கும் வராது. ஆனால் இத்தனை தருவோம் என்று சட்டப்படி கட்டுப்பட்டது அல்ல. ஆண்டு வரவு செலவைப் பொதுக்குழுவில் படிக்கச் சொல்லுங்கள்.

நான் மெட்ரிக் பள்ளி ஆசிரியை. எனக்கு இதில் எதுவும் இல்லையா, அண்ணாச்சி?

வேறு வழியில் உண்டு, அம்மா. நிதியுதவிப் பள்ளியிலேயே நிர்வாகச் சம்பளத்தில் இருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. தமிழ்நாட்டில் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் அதை நீட்டிய அறிவிக்கை 2010-லேயே வந்துவிட்டது. 15,000 ரூபாய் சம்பளத்தில் நீங்கள் கட்டுவது 0.75 சதவீதம், அதாவது 112 ரூபாய் 50 காசு. நிர்வாகம் 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. திருநெல்வேலியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. இதில் பெற்றோரையும், உங்களைச் சார்ந்து வாழ்பவர்கள் என்றால், சேர்க்கலாம். திருமணமான அரசு ஆசிரியருக்கு இல்லாத வசதி இது.

வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் இருந்தால் அதோடு ஒட்டிய ஆயுள் காப்பீடும் இருக்கிறது. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை. உங்கள் பங்கு ஒரு காசும் இல்லை. இந்த ஒன்றைக் கேட்காமலே விட்ட குடும்பங்கள் எத்தனையோ.

பணிக்கொடையும் உங்கள் உரிமை. 2009-இல் செய்த சட்டத் திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களையும் சேர்த்தது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்துப் போன வழக்கை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசிச் சம்பளம் 15,000, பத்தாண்டுப் பணி என்றால் சுமார் 86,500 ரூபாய். வேலையை விடும் நாளில் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளை நீட்டுவார்கள். கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பகுதிநேர ஆசிரியர்களுக்கு?

2012-இல் 5,000 ரூபாயில் சேர்ந்தவர்கள். தொகுப்பூதியம் 12,500 ரூபாய் ஆனபோது ஒரு விசித்திரம் நடந்தது. மே மாதத்தை விட்டுப் பதினொரு மாதத்துக்குக் கணக்கிட்டாலும் 1,37,500 ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டுக்கான குடும்ப வருமான வரம்பு 1,20,000. ஏழை என்று சொல்லவும் விடாத, ஊழியர் என்று ஏற்கவும் செய்யாத சம்பளம். சங்கம் போராடித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. அதுவரை வங்கியில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கும் 20 ரூபாய்க்கும் உள்ள பிரதமரின் ஆயுள், விபத்துக் காப்பீடுகளில் தலா 2 லட்சத்துக்காவது சேர்ந்துகொள்ளுங்கள். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த ஆண்டுக்குப் பிடிப்பார்கள்.

மனஅழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தால் வெளியே தெரிந்துவிடுமா? காப்பீடு உண்டா?

எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம், தேர்வு முடிவு, வீட்டுக் கடன் என்று தூக்கம் போனவர்கள் பேசத் தொடங்கியிருப்பது நல்லது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் நிறுவனங்கள் காப்பீடு தர வேண்டும். மருத்துவர் உங்கள் அனுமதியின்றி யாரிடமும் விவரம் சொல்லக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே முன்னாள் மாணவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று தயங்குபவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தொண்டை கட்டிப்போவதையும் கால் நரம்பு சுருளுவதையும் தொழிலோடு வந்தவை என்று நாமே ஒதுக்கிவிடுகிறோம். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஆசிரியர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனை என்று 2023 மார்ச்சில் முதலமைச்சர் அறிவித்தார். உங்கள் முறை வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். கடும் நோய் உள்ளவர்களுக்கு மாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றைக் கலந்தாய்வு அறிவித்த பிறகு தேடினால் கிடைக்காது.

தேர்தல் பணியில் ஏதாவது ஆகிவிட்டால்?

பணியில் இறந்தால் குறைந்தது 15 லட்சம், வன்முறையில் இறந்தால் 30 லட்சம் என்று தேர்தல் ஆணையம் வைத்திருக்கிறது. பயிற்சி வகுப்புக்குப் போகும் நாளும் பணிதான். பணி ஆணையின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

தனியாகவோ சங்கம் வழியாகவோ எடுத்த பாலிசியில் கிளைமை மறுத்துவிட்டார்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார்.

ஆவணங்களை எப்படி வைத்திருப்பது?

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோர வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு முழுகியது. பாலிசிப் பத்திரமும் மருத்துவ பில்லும் அங்கேதான் இருந்தன. காப்பீட்டு அட்டை, பாலிசி முதல் பக்கம், நாமினி படிவத்தின் நகல், பணிப்பதிவேட்டின் முதல் பக்கங்கள், சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் படமெடுத்து உங்கள் கைபேசியிலும் கணவன் அல்லது மனைவியின் கைபேசியிலும் வையுங்கள். கைபேசிப் பூட்டின் எண் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். அசல் தாள்கள் மேல்தட்டுக்குப் போகட்டும். கிளைக் கூட்டத்துக்கு வரும்போது நகல்களைக் கொண்டுவந்தால், பிடித்தம், நாமினி இரண்டையும் அங்கேயே சரிபார்த்துத் தருகிறோம்.